பாய்ப்படகுக்கு விசிறி தேடிய கதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவன் நான். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பதிவேடும் பேனாவுமாகக் காலம் கழிக்கும் ஓர் எழுத்தன், அவர்கள் பேசிய இடத்தில் நின்று என்ன பேசுவது? “உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்” என்று செயலாளர் அன்புடன் கூறினார். சென்ற ஓராண்டில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. பாய்ப்படகின் அடியில் பொருத்தும் விசிறியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே அது.

சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கடலைக் காண வேண்டுமானால் நாம் வண்டியேறித்தான் போக வேண்டும். ஆயினும் காற்றைக் காண நாம் எங்கும் போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் வாழ்கிறவர்கள் நாம். ஆனி ஆடியில் அடிக்கும் காற்றில் குடை பறிகொடுக்காதவர் இந்த அவையில் எவரேனும் உண்டா? காற்றை அறிந்தவர்க்குப் பாய்ப்படகு அயலானதன்று. வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், காற்றைத் தனக்கு ஏவல் செய்யவைத்துக் கலம் செலுத்திய அவன் முன்னோனைப் போற்றுகிறார். அந்தக் காற்று செய்யும் வேலைக்கு இடையூறு செய்யாத ஒரு விசிறியைத் தேடிய கதையைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

என் பிறந்த ஊர் தூத்துக்குடி. என் பாட்டனார் தோணியில் தண்டலாக இருந்தவர். உப்பும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, பாயை நம்பிக் கொழும்புக்குச் சென்று வந்தவர். நான் தண்டவாளத்தை நம்பி மேற்கே வந்துவிட்டேன். ஆனால் கடலின் மோகம் எங்கள் குடும்பத்தை முற்றிலும் விட்டுப் போகவில்லை. புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் தமக்கையின் மகன், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, 30 அடி நீளமுள்ள பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கினான். முறைப்படி அனுமதி பெற்று, சுற்றுலா வருவோரைக் கடலுக்கு அழைத்துச் சென்று காட்டுவது அவன் தொழில்.

தை மாதத்தில் ஓர் இரவு அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் நடுங்கிற்று. “மாமா, இன்று பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம்” என்றான். அன்று மாலை ஆறு பயணிகளுடன் கரை திரும்பிக்கொண்டிருந்திருக்கிறான். அவர்களுள் இருவர் சிறுவர். அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து மேடிடுவது வழக்கம். ஆழமான வழி குறுகலானது. அலை எழும்பினால் கவனமாக நுழைய வேண்டும். பாயை இறக்கிவிட்டு இயந்திரத்தை முடுக்கியிருக்கிறான். படகு முழுவதும், அச்சாணி கழன்ற வண்டி போல ஆடத் தொடங்கிவிட்டது. அவன் படகில் இருந்தது பழைய இரண்டு இதழ் மடக்கு விசிறி. ஓர் இதழ் விரிந்தது; மற்றோர் இதழ் விரியவில்லை. பின்னோக்கி இயக்கிப் பார்த்தான், படகு நிற்கவில்லை. கரைக்கல் குவியலை நோக்கிப் படகு ஒதுங்கிக்கொண்டே போயிற்று. உடனே நங்கூரத்தை வீசினான். தெய்வச் செயலாக அது பற்றிக்கொண்டது. கற்களுக்கும் படகுக்கும் இரண்டு படகு நீளமே இடைவெளி. அப்போது அவ்வழியே திரும்பிய மீனவர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அவன் கேட்டான்: “மாமா, இந்த மடக்கு விசிறியே வேண்டாம். திருப்பு விசிறி என்று ஒன்று இருக்கிறது. பின்னோக்கியும் முழு வலிமையோடு இழுக்குமாம். விலைதான் அதிகம். உங்கள் வைப்பு நிதியில் முன்பணம் எடுத்துத் தர முடியுமா?”

அந்தப் பணம் என் இளைய மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்தது. ஒருபுறம் மகளின் படிப்பு. மறுபுறம் மருமகனின் உயிரும், அவனை நம்பி ஏறுகிறவர்களின் உயிரும். மறுக்கவும் மனமில்லை, கேட்டவுடனே கொடுக்கவும் துணிவில்லை. “தம்பி, வாங்கப் போகும் பொருளைப் பற்றி எனக்கு முதலில் விளக்கு, பிறகு பேசுவோம்” என்றேன். அன்று தொடங்கியது என் படிப்பு.

அன்பர்களே! பாய்ப்படகுக்கு விசிறி எதற்கு? காற்று ஓய்ந்தபோதும், துறைக்குள் நுழையும்போதும், ஆபத்து வேளையிலும் இயந்திரம் வேண்டும். இயந்திரத்தின் வலிமையைத் தண்ணீருக்குக் கொடுப்பது விசிறி. ஆனால் பாய் விரித்து ஓடும்போது அதே விசிறி வேலையின்றித் தண்ணீருக்குள் தொங்குகிறது. சும்மா இருந்தாலும் குற்றமில்லை. அது படகைப் பின்னுக்கு இழுக்கிறது. எங்கள் இருப்புப்பாதையில் பழுதுபட்ட எஞ்சினை மற்றொரு வண்டியோடு கோத்து அனுப்புவது உண்டு. ‘டெட் எஞ்சின்’ என்போம். நேற்றுவரை வண்டியை இழுத்த எஞ்சின் இன்று வண்டிக்குச் சுமையாகிவிடும். பாய்ப்படகின் விசிறியும் அப்படித்தான். நிலையான இதழ்களை உடைய விசிறி, நடுத்தரமான ஒரு பாய்ப்படகின் வேகத்தில் மணிக்கு அரைக் கடல்மைல், சில வேளை அதற்கும் மேலாகவே, குறைத்துவிடும் என்பர். அரை மைல்தானே என்று எண்ண வேண்டாம். 100 கடல்மைல் தொலைவை மணிக்கு நாலரை மைல் வேகத்தில் கடக்க 22 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 4 மைல் வேகமானால் 25 மணி நேரம். இடையில் காற்று மாறினால் அந்த மூன்று மணி நேரமே ஓர் இரவை நடுக்கடலில் கழிக்க வைத்துவிடும்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததன்று. 1860ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கடலில் இறக்கப்பட்ட ‘வாரியர்’ என்னும் இரும்புக் கவசப் போர்க்கப்பலுக்கு நீராவி இயந்திரமும் உண்டு, பாய்களும் உண்டு. பாயில் ஓடும்போது அதன் மாபெரும் விசிறியை நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பற்றி இழுத்து, கப்பலுக்குள்ளேயே தூக்கி வைத்தார்கள். புகைபோக்கிகளையும் தாழ்த்திக்கொண்டார்கள். அக்கப்பல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் காட்சிப் பொருளாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. நம் கடற்கரை மீனவர்கள் இதே வேலையை ஒரு கையால் செய்துவிடுகிறார்கள். படகின் பின்புறம் மாட்டிய இயந்திரத்தைச் சாய்த்து, விசிறியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிட்டுப் பாய் விரிப்பார்கள். எளிய வழி, சிறந்த வழி. ஆனால் இயந்திரம் படகின் வயிற்றுக்குள் இருக்குமானால், விசிறியின் தண்டு அடிப்பலகையைத் துளைத்து வெளியே நீண்டிருக்குமானால், தூக்குவதற்கு வழியில்லை. அப்போது விசிறிதான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்படித் தன்னை மாற்றிக்கொள்ளும் விசிறி இரண்டு வகைப்படும்.

முதலாவது மடக்கு விசிறி. வண்டிச் சக்கரத்துக்குக் குடம் இருப்பது போல விசிறிக்கும் நடுவில் ஒரு குடம் உண்டு. மடக்கு விசிறியின் இதழ்கள் அந்தக் குடத்தில் கீல் வைத்துக் கோக்கப்பட்டிருக்கும். தண்டு சுழலாதபோது, பின்னோக்கி ஓடும் தண்ணீர் இதழ்களைத் தள்ளி மூடிவிடும். நம் வரப்போரத்துத் தொட்டாற்சுருங்கி இலை மூடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டு சுழன்றதும், கவணில் கட்டிய கல் வெளியே இழுப்பது போல, சுழற்சியின் விசையால் இதழ்கள் விரிந்துகொள்ளும். மூடிய நிலையில் தடை மிகக் குறைவு.

இரண்டாவது திருப்பு விசிறி. இதன் இதழ்கள் மடங்குவதில்லை. நின்ற இடத்திலேயே தம் அச்சில் திரும்புகின்றன. பாயில் ஓடும்போது இதழின் தட்டையான முகத்தை விடுத்து மெல்லிய விளிம்பைத் தண்ணீருக்குக் காட்டும். இதை விளக்க நான் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. 1990களின் நடுவில் கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் ஆற்றலுள்ள 9 காற்றாலைகளை நிறுவியது. பின்னர் அவற்றினும் பெரியவையும் வந்தன. இடுக்கி அன்பர்கள் இராமக்கல்மேட்டுக் காற்றாலைகளை அறிவார்கள். கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் அந்த மேட்டில் நின்று காற்றோடு போராடியும் இருப்பார்கள். இக்காலப் பெரிய காற்றாலைகள், புயல் போன்ற காற்று வீசும்போது, தம் இதழ்களைத் திருப்பி விளிம்பைக் காற்றுக்குக் காட்டி ஓய்ந்து நிற்கும். காற்று முறித்துவிடாமல் இருக்க அவை அப்படிச் செய்கின்றன. படகைத் தடுக்காமல் இருக்கத் திருப்பு விசிறி அப்படிச் செய்கிறது. துடுப்பு வலிப்பவர், வலித்து முடித்த துடுப்பை அடுத்த வீச்சுக்குக் கொண்டுசெல்லும்போது விளிம்பாகத் திருப்பிக்கொள்வதும் இதே அறிவுதான்.

இரண்டில் எது சிறந்தது? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடையில்லை என்பதை அறியவே எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன.

முன்னோக்கிச் செல்லும்போது மடக்கு விசிறி நன்றாக உழைக்கும். அதன் இதழ்களுக்கு நல்ல முறுக்கு உண்டு. திருப்பு விசிறியின் இதழ்கள் விளிம்பாக நிற்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் தட்டையாக அமைகின்றன. ஆகவே முன்னோக்கிய உழைப்பில் சிறிது குறையும். பின்னோக்கிச் செல்லும்போது நிலைமை தலைகீழாகும். திருப்பு விசிறியின் இதழ்கள் முழுதும் திரும்பிக்கொள்வதால் அதன் பின்னிழுப்பு முன்னிழுப்புக்கு நிகரானது. மடக்கு விசிறியிலோ, பின்னோக்கி இழுக்கும் விசையே இதழ்களை மூடப் பார்க்கும். சுழற்சியின் விசை ஒன்றே அவற்றைத் திறந்து வைக்கும். பழைய மடக்கு விசிறிகள் பின்னிழுப்பில் பெயர் கெட்டதற்கு இதுவே காரணம். பிற்காலத்து மடக்கு விசிறிகளில் இதழ்களின் அடியில் பற்கள் வைத்து ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். ஒன்று விரிந்தால் மற்றதும் விரிந்தே ஆக வேண்டும். மூன்று இதழ் உள்ளவற்றில் பின்னிழுப்பும் பெரிதும் சீர்பட்டிருக்கிறது. மடக்கு விசிறிக்கு டென்மார்க்கும், திருப்பு விசிறிக்கு இத்தாலியும் பேர்பெற்றவை.

இடமும் ஒரு கணக்கு. மடக்கு விசிறி மூடும்போது இதழ்கள் பின்புறம் நீளும். அங்கே சுக்கான் மிக நெருங்கி இருந்தால் இடிக்கும். ஏரா நீண்டு, சுக்கானுக்கு முன்னே குறுகிய இடைவெளியில் விசிறி அமைந்த பழைய படகுகளுக்குத் திருப்பு விசிறியே பொருந்தும். விலையிலோ நிலை விசிறி மலிவு. மடக்கு விசிறி அதைப்போல் சில மடங்கு. திருப்பு விசிறி பெரும்பாலும் அதற்கும் மேல். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும்.

இவற்றையெல்லாம் விட நம் கடலுக்குரிய பெரிய கணக்கு ஒன்று உண்டு. நம் கடல் வெப்பமானது. அசையாமல் கிடக்கும் எதன்மீதும் பாசியும் கொட்டலசும் விரைவில் ஒட்டிக்கொள்ளும். மழமழப்பாக இருக்க வேண்டிய கீலில் அவை குடியேறினால் இதழ் எப்படி விரியும்? மருமகன் படகு அந்தத் தை மாதத்துக்கு முன்பு மூன்று வாரங்கள் மழையினால் துறையில் சும்மா கிடந்திருக்கிறது. பட்டறையில் ஏற்றிப் பார்த்தபோது ஒரு கீல் முழுவதும் கொட்டலசு. “மாமா, குற்றம் விசிறியினுடையதன்று, என்னுடையது” என்று அவனே ஒப்புக்கொண்டான். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் அவனிடம் பணம் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்தது. ஆனால் எந்த விசிறிக்குக் கொடுப்பது?

அவன் மனம் திருப்பு விசிறியில் இருந்தது. என் மனம், உண்மையைச் சொன்னால், நிலை விசிறியில் இருந்தது. அதில் சிக்குவதற்குக் கீலும் இல்லை. என் மகளின் கட்டணத்துக்கும் குறைவில்லை. இருவரும் தொலைபேசியில் வழக்காடினோம். ஒருநாள் என் தமக்கை குறுக்கிட்டு, “மாமனும் மருமகனும் வாயால் படகு ஓட்டுகிறீர்கள்” என்றார். அது என்னைச் சுட்டது. எங்கள் அலுவலகத்தில் ஐயம் வந்தால் வாயால் தீர்ப்பதில்லை. பதிவேட்டைப் பார்த்துத் தீர்ப்போம். ஆகவே ஒரு பதிவேடு வரைந்து அவனுக்கு அஞ்சலில் அனுப்பினேன். நாள், பாயில் சென்ற நேரம், இயந்திரத்தில் சென்ற நேரம், பின்னோக்கி இயக்கிய முறைகள் என்று நான்கு பத்திகள். ஐந்தாவதாக, எந்தப் பதிவேட்டிலும் இருக்க வேண்டிய ‘குறிப்பு’ என்னும் பத்தி. “ஆறு வாரம் ஒரு நாளும் விடாமல் எழுது. பின் அது சொல்வதைச் செய்வோம்” என்றேன். அதுவரை, பட்டறைக்காரர் இரவலாகக் கொடுத்த இரண்டு இதழ் நிலை விசிறி ஒன்றைப் பூட்டிக்கொண்டு அவன் தொழில் நடத்தினான்.

ஆறு வாரத்துக்குப் பின் பதிவேடு வந்தது. 31 பயணங்கள். பாயில் 58 மணி நேரம். இயந்திரத்தில் 23 மணி நேரம். அதைக் கண்டதும் என் கட்சி தோற்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாயில் ஓடும் படகுக்கு நிலை விசிறி தகாது. அதுவுமன்றி, மென்காற்று வீசும் மாலைகளில் படகு தளர்ந்து போனதால், பொறுமையிழந்து இயந்திரத்தை முடுக்கியதாகப் பல நாள் எழுதியிருந்தான். கடலின் அமைதியைத் தேடி வந்தவர்களுக்கு டீசல் புகையைக் காட்டுவது எப்படித் தொழிலாகும்?

பின்னோக்கி இயக்கியது ஏறத்தாழ ஒவ்வொரு பயணத்திலும் இருந்தது. “பார்த்தீர்களா மாமா, திருப்பு விசிறிதான்” என்றான். ஆனால் கூர்ந்து பார்த்தால், அவற்றில் 4 முறை தவிர மற்றவை யாவும் துறைக்குள் படகைக் கட்டும்போது மெல்ல இயக்கியவை. அந்த அளவுக்குப் பற்கள் கோத்த மூவிதழ் மடக்கு விசிறியே போதும். இதனால் அவன் கட்சி தோற்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தளர்ந்தது.

தீர்ப்பு வழங்கியது நாங்கள் இருவரும் எண்ணிப் பாராத ‘குறிப்பு’ப் பத்தி. 31 பயணங்களில் 7 இடங்களில் ‘வலை’ என்ற சொல் இருந்தது. வலையின் மிதவைக் கயிறு விசிறியில் சுற்றிக்கொண்டது; வலையைக் கண்டு வழிமாறிச் சென்றது; கத்தியோடு தண்ணீரில் மூழ்கி அறுத்துவிட்டது; இப்படி 7 குறிப்புகள். இரண்டு முறை வலை அறுந்திருக்கிறது. ‘மீனவர் கோபித்தார், நட்டத்துக்குப் பணம் கொடுத்தேன்’ என்று ஒரு நாள் எழுதியிருந்தான். மறுநாள் குறிப்பில், ‘நம்மைக் கரைக்கு இழுத்துவந்த படகுக்காரரின் வலைதான் அது என்று பின்னர் அறிந்தேன்’ என்று இருந்தது.

பெரியோர்களே! அந்த வரியைப் படித்தபோது நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். ஒரு வலை அறுந்தால் ஒரு வீட்டின் அடுப்பு அணையும் என்பதை அறிந்த கடற்கரைக் குடும்பம் எங்களுடையது. உயிரைக் காத்தவரின் வலையை நம் விசிறி அறுக்கலாமா? நிலை விசிறியின் இதழ்கள் எப்போதும் நீட்டியபடி நிற்கும். திருப்பு விசிறியின் இதழ்களும், விளிம்பாகத் திரும்பினாலும், மீனின் துடுப்புப் போல வெளியே நீண்டுதான் நிற்கும். கயிறு மாட்ட இடமுண்டு. மூன்றிலும் கயிற்றுக்குப் பிடி கொடாதது, மூடிய மடக்கு விசிறி ஒன்றே. வலை கிடக்கும் இடத்தைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தி, விசிறியை மூடவிட்டு, பாயில் நழுவிக் கடந்துவிடலாம். சுக்கானிலும் ஏராவிலும் மாட்டும் வாய்ப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அறுக்கிற கத்தி உறையில் இருக்கும்.

ஆகவே, எந்த வகை விசிறி அவனைக் கல்மேட்டுக்குக் கொண்டுபோயிற்றோ, அதே வகை விசிறியையே மீண்டும் வாங்குவது என்று முடிவு செய்தோம். ஆனால் பற்கள் கோத்தது, மூன்று இதழ் உடையது, புதியது. இயந்திரத்தின் குதிரைத்திறன், அது நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள், கியர்ப் பெட்டி அதைக் குறைக்கும் விகிதம், தண்டின் பருமனும் அதன் முனை கூம்பும் அளவும், விசிறி வலமாகச் சுழல வேண்டுமா இடமாகவா என்பது, இதழ் நுனிக்கும் படகின் அடிக்கும் உள்ள இடைவெளி ஆகிய யாவற்றையும் அளந்து எழுதி அனுப்பினோம். இந்த இடைவெளி விசிறியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமலிருப்பது நலம் என்பர். இவற்றில் ஓர் எண் தவறினாலும் விலையுயர்ந்த விசிறி வீணாகும். திருப்பு விசிறியை விடக் குறைந்த விலையே ஆயிற்று. அதில் பாதியை அவன் தன் சேமிப்பிலிருந்து போட்டான். பாதியை நான் கொடுத்தேன். மாதந்தோறும் திருப்பித் தருகிறான். நானும் தவறாமல் பற்றுச்சீட்டு எழுதி அனுப்புகிறேன். உறவு வேறு, கணக்கு வேறு. என் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

பதிவேடு நின்றுவிடவில்லை, அதன் பத்திகள் மட்டும் மாறின. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் மூழ்கிக் கீல்களைச் சுரண்டித் துடைத்த நாள். படகு சும்மா கிடந்தாலும் வாரம் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டி விசிறியை விரித்து மூடிய நாள். விசிறியின் உலோகத்தை உப்புநீர் அரிக்காதபடி தான் கரைந்து காக்கும் துத்தநாகத் துண்டை மாற்றிய நாள். ஆண்டுக்கொருமுறை படகை ஏற்றிக் கீலாணிகளின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டிய நாள். துறைக்குள் நுழையுமுன், முகத்துவாரத்துக்கு வெளியிலேயே, ஒருமுறை முன்னும் பின்னும் இயக்கிப் பார்த்த பிறகே உள்ளே வருவது என்பதும் அவன் வகுத்துக்கொண்ட விதி. அன்று இந்த ஒரு விதி இருந்திருந்தால் ஆறு பேர் அஞ்சியிருக்க மாட்டார்கள்.

சென்ற மாதம் விடுப்பெடுத்துப் புதுச்சேரி சென்று அப்படகில் ஏறினேன். முகத்துவாரத்தைக் கடந்ததும் பாய் விரித்தான். இயந்திரத்தை நிறுத்தினான், தண்டு வீணே சுழலாதபடி, பின்னோக்குக் கியரில் மாட்டினான். அதுவரை காலடியில் அதிர்ந்துகொண்டிருந்த படகு, சுமை இறக்கியவன் போல நிமிர்ந்து முன்னே நகர்ந்தது. அந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியவில்லை, உடம்பு அறிந்தது. வழியில் வரிசையாக மிதவைகள். அவற்றைப் பாயிலேயே கடந்தோம். அப்பால் ஒரு படகிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். “அவர்தான் மாமா” என்றான். நானும் எழுந்து நின்று கை கூப்பினேன்.

அன்பர்களே! இந்தக் கதையை நம் சங்கத்தில் சொல்லக் காரணம் உண்டு. 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்ப்படகு உலகைச் சுற்றப் புறப்பட்டது. அதில் இருந்தவர் இருவரே. இருவரும் நம் கடற்படையின் பெண் அதிகாரிகள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. காற்றையே நம்பி, மூன்று பெருங்கடல்களைக் கடந்து, கொம்புமுனையைச் சுற்றி, 2025 மே 29ஆம் நாள் கோவா திரும்பினார்கள். மலையாள மண்ணின் மகளும் தமிழ் பேசும் நிலத்தின் மகளும் ஒரே சுக்கானை முறைவைத்துப் பிடித்து உலகைச் சுற்றி வந்தார்கள் என்பதைவிட, இந்த எல்லையில் வாழும் நமக்கு இனிய செய்தி வேறென்ன இருக்க முடியும்? எட்டு மாதம் பாயில் ஓடியவர்களுக்கு, தண்ணீரில் தொங்கும் ஒவ்வொரு தடையும் எத்தனை பெரிது என்பதை இப்போது நீங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நான் கற்றது இரண்டே செய்திகள். உழைக்க வேண்டிய வேளையில் முழுதும் விரிந்து உழைக்க வேண்டும். நம் வேலை இல்லாத வேளையில் பிறர் வேலைக்குத் தடையாகவும், பிறர் வலைக்குக் கத்தியாகவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இது விசிறி சொன்னது. மற்றொன்று பதிவேடு சொன்னது. விலையுயர்ந்த எதையும் வாங்குமுன் ஆறு வாரம் எழுதிப் பாருங்கள். அதில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தியைக் காலியாக விட்டு வையுங்கள். நாம் கேட்க மறந்த கேள்விக்கு விடை அங்கேதான் வந்து சேரும்.